ரூத்துக்கு மாமன் யார்?

மத்திய மலாவியின் தெட்ஸா மாவட்டத்தில், மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக நிற்கும் ஒரு சிறு கிராம ஆலயத்தில் ஸ்திரீகளுக்கு வாரந்தோறும் வேதபாடம் நடத்தும் பொறுப்பு, வேதசாஸ்திரத்தில் எவ்விதப் பட்டமும் பெற்றிராத என்னிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், என் கணவர் அங்கிருந்த பள்ளியில் கணிதம் கற்பித்தார் என்பதும், கணித ஆசிரியரின் மனைவிக்குச் சகல சாஸ்திரமும் தெரிந்திருக்கும் என்று சபைப் போதகர் மனப்பூர்வமாக நம்பினார் என்பதுமேயாகும். பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நோவாவின் பேழையை வரைந்து காட்டிய அனுபவம் ஒன்றே எனக்கிருந்த யோக்கியதை. அதைப் போதகரும் விசாரிக்கவில்லை, நானும் வலியச் சொல்லவில்லை.

தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தச் சபையார் 1889-இல் தொடங்கிய ஊழியத்தின் வழிவந்த சபை அது. மூப்பர்கள் ஆண்களே என்றாலும், சாவு வீட்டுக்குச் சோறாக்குவது முதல் பாட்டைத் தொடங்குவதும் முடிப்பதும் வரை நடைமுறையில் ராஜ்யபாரம் மாதர் சங்கத்தினுடையது. இவர்கள் முன்னிலையில் என் கௌரவத்தைச் சற்றே நிலைநாட்டிக்கொள்வது உசிதம் என்று கருதி, தமிழில் புதிய ஏற்பாடு 1715-இலேயே தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டதென்றும், அவர்களுடைய சிச்சேவா மொழியில் முழு வேதாகமம் 1922-இல்தான் வெளிவந்ததென்றும் முதல் நாளே மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்தேன். முன்வரிசைப் பாயில் கால் நீட்டி அமர்ந்திருந்த மூதாட்டி, அதை மொழிபெயர்த்துச் சொன்ன ஆசிரியையின் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்து, "அப்படியானால் அமாயி, உங்கள் ஜனங்கள் எங்களைவிட இருநூறு வருஷம் அதிகமாகப் படித்திருக்கிறீர்கள். மனப்பாடமாகவே தெரிந்திருக்குமே! புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். அதன் பிறகு நான் அங்கே சரித்திரம் பேசியதில்லை.

அறுவடை முடிந்து வீடுகளில் தானியமும் மனங்களில் சாவகாசமும் நிறைந்திருந்த மே மாதத்தில் ரூத்தின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டோம். விதவை மருமகள் ஒருத்தி மாமியார் நகோமியை விட்டுப் பிரியாமல் பெத்லகேமுக்குப் போனாள் என்றால், நம் ஊர்ச் சபைகளில் மாமியார்கள் மருமகள்களை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். பாடம் அத்துடன் நிறைவேறிவிடும். சிச்சேவா பேசும் சேவா ஜனங்களிடம் அது செல்லாது. அங்கே வம்சம் தாய்வழியில் வருவது. கலியாணமானால் மாப்பிள்ளைதான் மூட்டை கட்டிக்கொண்டு பெண்வீட்டுக் கிராமத்தில் குடியேற வேண்டும். நிலமும் தாயிடமிருந்து மகளுக்கே போகும். ஆகையால் நகோமியின் குமாரர் மோவாபில் பெண்ணெடுத்து மோவாபிலேயே குடியிருந்தது அவர்களுக்கு முற்றிலும் நியாயமாகப் பட்டது. அவரவர் தாய்வீட்டுக்குப் போங்கள் என்று நகோமி மருமகள்களை அனுப்பும் இடம் வந்ததும், "பாருங்கள், தகப்பன் வீட்டுக்கு என்று சொல்லவில்லை. மோவாபியர் நம்மைப் போன்றவர்களே" என்று ஒருத்தி அறிவிக்க, சபை ஏகமனதாக அதை ஏற்றுக்கொண்டது. அதற்குமேல் அவர்கள் ரூத்துக்காகத் துக்கித்தது அவள் நாட்டைத் துறந்ததற்கோ தெய்வத்தைத் துறந்ததற்கோ அன்று, சொந்தக் கொல்லையைப் போட்டுவிட்டுப் போனதற்காக. மண் எப்படிப்பட்டது, கடலைக்கு ஏற்றதா, சோளத்துக்கு ஏற்றதா என்று என்னிடம் விசாரித்தார்கள். என்னிடமிருந்த வியாக்கியான நூல்களில் அவ்விவரம் இல்லை.

கதிர் பொறுக்கும் அதிகாரத்தில் அவர்கள் கை இன்னும் ஓங்கிற்று. அன்று மாலை ரூத் தட்டி அளந்தபோது ஒரு எப்பா வாற்கோதுமை கிடைத்தது. இக்காலக் கணக்கில் சுமார் 22 லிட்டர். அவ்வூரில் தானியம் அளப்பது 20 லிட்டர் வாளியால். அறுத்துவிட்ட நிலத்தில் குனிந்து குனிந்து பொறுக்கிப் பழகிய அந்த ஸ்திரீகள், ஒரே பகலில் ஒரு வாளிக்கு மேலா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணித ஆசிரியரின் மனைவி வாயைத் திறப்பதற்குள் அவர்களே கணக்கை முடித்துவிட்டார்கள்: ஆட்கள் வேண்டுமென்றே கதிர்களைச் சிந்திவிட்டுப் போகட்டும் என்று வயலின் எஜமானான போவாஸ் சொன்னானே, அந்தச் சொல்லை ஆட்கள் நிறைவேற்றினார்கள் என்பதற்கு இந்த வாளியே சாட்சி, எஜமான் சொல்வது வேறு, ஆட்கள் செய்வது வேறு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே!

நகோமி ரூத்தைப் போவாஸிடம் அனுப்பும் களத்துமேட்டு இரவைப் பற்றிய அத்தியாயத்தைக் குமரிப் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்க எவ்வாறு கௌரவமாகக் கடப்பது என்று நான் முந்தின இரவு முழுவதும் கவலைப்பட்டேன். அது வீண் கவலை. பருவமடைந்த பெண்களைத் தனியே அழைத்துப் போய்ச் சகலமும் போதிக்கும் மூத்த ஸ்திரீகள் அவ்வூரில் உண்டு; அவர்களில் இருவர் என் எதிரிலேயே அமர்ந்திருந்தார்கள். குளி, எண்ணெய் பூசு, நல்ல வஸ்திரம் உடுத்து, அவன் புசித்து முடிக்கும்வரை முகம் காட்டாதே என்று நகோமி சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் தேர்வுத்தாள் திருத்தும் பண்டிதரின் கம்பீரத்தோடு தலையசைத்து, இறுதியில் நகோமி தொழில் தெரிந்தவள் என்று சான்றளித்தார்கள். விடியுமுன் போவாஸ் ஆறு படி வாற்கோதுமையை ரூத்தின் போர்வையில் அளந்துபோட்ட இடத்தில், ஒருத்தி எழுந்து தன் இடுப்பிலிருந்த சித்தேஞ்சித் துணியை அவிழ்த்து, நான்கு முனையையும் பிடித்து, முடிச்சிட்டு, தலையில் ஏற்றி நடந்தே காட்டிவிட்டாள். என் பாடத்தில் அதற்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பெரிய ஆட்சேபணை கலியாணத்தில்தான் எழுந்தது. இரு தரப்பிலும் பொறுப்பேற்கும் ஒரு காப்பாளர், பெரும்பாலும் தாய்மாமன், இல்லாவிட்டால் அங்கே விவாகம் விவாகமாகாது. அவர்கள் முன்னிலையில் சேவலும் கோழியும் மாற்றிக்கொள்ள வேண்டும். "ரூத்துக்கு மாமன் யார்? கோழி எங்கே?" என்று மூதாட்டி கேட்டார். திருநெல்வேலிச் சீமையில் தாய்மாமன் சீர் வராமல் நின்றுபோன கலியாணங்களைக் கண்ணால் கண்டவளாகையால், கேள்வியின் கனம் எனக்கு உடனே விளங்கிற்று. நகோமியே மாமன் ஸ்தானத்தில் நின்றாள் என்றும், ஊர்வாசலில் பத்து மூப்பர் சாட்சியாக அமர்ந்தார்கள் என்றும், முந்திய உரிமை படைத்த உறவினன் தன் பாதரட்சையைக் கழற்றிப் போவாஸின் கையில் கொடுத்தான் என்றும் வாதாடினேன். நெடுநேர ஆலோசனைக்குப் பின், பஞ்ச காலத்தில் கோழிக்குப் பதில் செருப்பு செல்லும் என்று தீர்மானமாயிற்று. தன் சுதந்தரம் கெட்டுவிடும் என்று ரூத்தை மறுத்த அவ்வுறவினனின் பெயரை வேதம் எழுதாமல் விட்டது அவனுக்குத் தகுந்த தண்டனைதான் என்பதில் மட்டும் அபிப்பிராய பேதம் எழவில்லை.

அடுத்ததாக எஸ்தரின் சரித்திரம். தாய்தகப்பனற்ற அப்பெண்ணை மொர்தெகாய் எடுத்து வளர்த்ததைச் சொல்லி, இம்முறை காப்பாளர் ஆஜராகிவிட்டார் என்று சற்றுப் பெருமிதத்தோடே பாயைப் பார்த்தேன். எம்முறை உறவு என்று மூதாட்டி கேட்டார். அவனுடைய சிற்றப்பன் மகள் என்றேன். தகப்பன்வழி உறவு செல்லாது என்று சொல்லிவிட்டார்.