சித்தப்பா பதில்கள்: முழங்காலுக்கு என்ன விலை?

லட்டுப் பிரியன், திருப்பதி
கே: புரோ கபடி ஏலத்தில் ஒரு ரெய்டருக்கு விலை எப்படித்தான் போடுகிறார்கள், சித்தப்பா?

ப: போன வருஷப் புள்ளியைப் பார்த்து, அடுத்த வருஷ முழங்காலுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

மாந்தோப்புக்காரன், பங்காருபாளையம்
கே: ஒரே ஆளின் விலை எப்படி இப்படிச் சரிகிறது?

ப: தோத்தாபுரி மாங்காய் விற்ற வாயா இதைக் கேட்பது? 2025 ஜூனில் ஆலை 8 ரூபாய், அரசாங்கம் 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 நிர்ணயித்தும், நம் மாவட்டத்து ஆலை வாசல்களில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. அப்போதுதான் மும்பை ஏலத்தில் ரெய்டர் பவன் செராவத் 59.5 லட்சத்துக்குப் போனார். 2023-ல் தெலுகு டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்த விலை 2 கோடியே 60.5 லட்சம். மாங்காய்க்காவது 4 ரூபாய் மானியம் இருந்தது!

டைட்டன்ஸ் தியாகி, சித்தூர்
கே: அத்தனை கோடி கொட்டியும் 2023-24 சீசனில் தெலுகு டைட்டன்ஸ் ஏன் மண்ணைக் கவ்வியது?

ப: அணியின் மொத்தப் பணமே 5 கோடி. அதில் பாதிக்கு மேல் பவன் ஒருத்தருக்கு. மிச்சத்தில் மற்ற எல்லாருக்கும் பங்கு. பவன் 200 ரெய்டு புள்ளிக்கு மேல் குவித்தார். அணி 22 ஆட்டத்தில் ஜெயித்தது 2. அவர் பாடப் போனார், தொட்டார், திரும்பியும் வந்தார். எதிராளி பாட வந்தபோது பிடிக்கத்தான் ஆள் இல்லை.

அதே தியாகி, சித்தூர்
கே: அவர் போன பிறகாவது விமோசனம் உண்டா?

ப: 2025-ல் விஜய் மாலிக் தலைமை. 81 லட்சத்துக்கு வாங்கிய பரத் ஹூடா துணை. பிளே-ஆஃப் வரை போனார்கள். தியாகிப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசி பெஞ்ச், புத்தூர்
கே: நட்சத்திர ரெய்டருக்கு அடிபட்டால் அணி அம்பேல்தானே?

ப: தமிழ் தலைவாஸைக் கேளுங்கள். 2022-ல் இதே பவனை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போச்சு, சீசனும் போச்சு. நரேந்தர் என்ற புதுமுகம் களத்தில் இறங்கி 243 ரெய்டு புள்ளி அள்ளினார். தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதியைப் பார்த்தது. கடைசி பெஞ்சுக்காரரே இப்படி நம்பிக்கை இழந்தால் எப்படி?

புள்ளிவிவரப் புலி, திருப்பதி
கே: புள்ளி எடுப்பவர் ரெய்டர். அவருக்குக் கொட்டிக் கொடுத்தால் என்ன தப்பு?

ப: 2024 சீசனில் அதிக ரெய்டு புள்ளி பாட்னா பைரேட்ஸின் தேவாங்க் தலாலுக்கு: 301. இறுதி ஆட்டத்தின் கணக்கு, ஹரியானா ஸ்டீலர்ஸ் 32, பாட்னா 23. ஹரியானா 2.07 கோடி கொடுத்தது ஈரானின் முகமதுரேசா ஷாத்லூயிக்கு. அவர் பேர் வாங்கியது பிடியில். புலி கூடப் பிடித்துத்தானே சாப்பிடுகிறது!

பரிகாரப் பக்தர், ஸ்ரீகாளஹஸ்தி
கே: அந்தத் தேவாங்கைப் பாட்னா கைவிட்டது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

ப: 2025-ல் பெங்கால் வாரியர்ஸ் 2.205 கோடி கொடுத்துத் தூக்கிப் போனது. பாட்னா ஒப்பாரி வைக்கவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே பாடிக்கொண்டிருந்த அயன் லோச்சாப்பை முன்னால் தள்ளியது. அவரும் 300 புள்ளியைத் தாண்டினார். ராகு-கேது பூஜைக்கு உங்கள் ஊர்ப்பக்கம் வரவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

சந்தேக சாமி, குப்பம்
கே: ஆள் மாறியும் புள்ளி எப்படி மாறாமல் வருகிறது?

ப: அதிக ரெய்டு போகிறவருக்கு அதிகப் புள்ளி, இதில் மாயம் எதுவும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ரெய்டர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கிறார். உள்ளே கார்னரில் நிற்கிற பையன் எதிராளியின் கணுக்காலைப் பிடித்துத் தொங்குகிறான். ஒரு புள்ளி, ரெய்டருக்கு மறுபிறவி. பிறவி கொடுத்தவனுக்கு லட்சம், பிறவி எடுத்தவருக்குக் கோடி.

அமெரிக்கச் சம்பந்தி, நகரி
கே: அங்கே ஃபுட்பாலில் ரன்னிங் பேக் என்று ஒருவர் முட்டி மோதி ஓடுகிறாரே, அவருக்கும் இதே கதியா?

ப: இதைவிட மோசம். டென்வர் அணிக்கு 1998-ல் டெரல் டேவிஸ் 2,008 கஜம் ஓடினார். 1999-ல் முழங்கால் பழுது. அந்த வருஷம் ஓலாண்டிஸ் கேரி வந்து 1,159 கஜம் ஓடினார்; 2000-ல் மைக் ஆண்டர்சன் வந்து 1,487. மூவருக்கும் முன்னால் நின்று வழி திறந்துவிட்ட தடியர்களின் பெயரைச் சம்பந்தியிடம் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றுவார்.

எதிர்க்கட்சி, பலமநேர்
கே: அப்படியானால் ஓடுகிறவனுக்குப் பணம் கொடுப்பதே வீண் என்கிறீரா?

ப: நான் எங்கே சொன்னேன்? சேகான் பார்க்லியை நியூயார்க் ஜயன்ட்ஸ் போகவிட்டது. 2024-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மூன்று வருஷத்துக்கு 3.775 கோடி டாலர் பேசி எடுத்தது. அந்த சீசனில் 2,005 கஜம். 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌல் கோப்பை. ஈகிள்ஸிடம் முட்டித் தள்ளும் முன்வரிசை ஏற்கெனவே தயார். வரிசை இருக்கிறவன் வாங்கலாம்; இல்லாதவன் வாங்கினால் சித்தூர்த் தியாகியாக வேண்டியதுதான்.

பழைய பிடி மாஸ்டர், சத்தியவேடு
கே: பிடிக்கிறவனுக்கு என்றைக்காவது மரியாதை கிடைத்ததுண்டா?

ப: உண்டே. புரோ கபடி ஏலத்தில் முதன்முதலில் ஒரு கோடியைத் தொட்டவர் ஒரு கார்னர்தான். 2018-ல் ஈரானின் ஃபசல் அத்ராசலி. அதே ஏலத்தில் ரெய்டர் மோனு கோயத் 1.51 கோடிக்குப் போனார். மரியாதை கிடைத்தது, மாஸ்டர். ஏலம் முடியும்வரை தாங்கவில்லை.

டுப்கி ரசிகை, புங்கனூர்
கே: எங்கள் பர்தீப் நர்வாலை ஏன் யாருமே கேட்கவில்லை?

ப: ஏழு பேர் கைகோத்து வளைத்தாலும் குனிந்து அடியில் புகுந்து வெளியே வருவார்; அதுதான் டுப்கி. பாட்னாவுக்குத் தொடர்ந்து மூன்று கோப்பை. 1,800 ரெய்டு புள்ளி என்ற சிகரத்தைத் தொட்ட முதல் ஆள். 2021-ல் 1.65 கோடி, 2024-ல் 70 லட்சம், 2025-ல் கேட்பார் இல்லை, ஓய்வை அறிவித்துவிட்டார். எத்தனையோ பிடிக்கு அடியில் புகுந்தவரால் வயசுக்கு அடியில் புக முடியவில்லை.

வருங்கால ரெய்டர், சந்திரகிரி
கே: எனக்கு வயது 17. ரெய்டர் ஆகட்டுமா, டிஃபெண்டர் ஆகட்டுமா?

ப: 2025 ஏலத்தின் உச்ச விலை 2.23 கோடி. வாங்கியது குஜராத் ஜயன்ட்ஸ், போனது ஷாத்லூயி. ஆல்ரவுண்டர்! பாடவும் பழகு, பிடிக்கவும் பழகு. டிகிரியை முடி. முதல் சம்பளத்தில் பைக் வாங்காதே, முழங்காலுக்கு இன்சூரன்ஸ் எடு. அப்பா திட்டினால் சித்தப்பா சொன்னதாகச் சொல்.