திறவாக் குழாய்: சிங்கப்பூர்ச் சூழலில் ஓர் ஆய்வு

இறுகிய குழாய் இருவகைப்படும்: மூடியபின் திறக்காதது, திறந்தபின் மூடாதது. முதல் வகை வாய்த்தவர் குளிக்க முடியாது. இரண்டாம் வகை வாய்த்தவர் குளித்துக்கொண்டே இருக்க வேண்டும். இக்கட்டுரை முதல் வகைக்கு மட்டுமே. இரண்டாம் வகையினருக்குக் கட்டுரை படிக்க நேரம் இருக்காது.

ஆய்வுக் களம், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் குளியலறை. இந்நாட்டில் நீர்க் கொள்கையையே குழாய்க் கணக்கில்தான் சொல்கிறார்கள்: நீர்த்தேக்கங்களில் சேரும் மழை, ஜோகூர் நீர், கழிவுநீரைச் சுத்திகரித்த நியூவாட்டர், உப்பகற்றிய கடல்நீர் என நான்கு தேசியக் குழாய்கள். ஜோகூர்க் குழாய் 1962 ஒப்பந்தப்படி நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை, 2061 வரை திறந்திருக்கும். நியூவாட்டர் 2003இலும் கடல்நீர் 2005இலும் திறந்தன. ஐந்தாவதான எங்கள் குளியலறைக் குழாய் பற்றி எந்த ஆவணத்திலும் குறிப்பில்லை.

வரலாறு சுருக்கமானது. திருகி மூடும் குழாய்க்கு 1845இல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரப் பித்தளைப் பட்டறை ஒன்று காப்புரிமை பெற்றது. 1857இல் வணிகர் டான் கிம் செங் சிங்கப்பூர் நகருக்கு நல்ல தண்ணீர் வர 13,000 டாலர் கொடுத்தார். 1882இல் அவர் நினைவாக ஒரு நீரூற்று எழுந்தது. நீரூற்றை யாரும் போகிற போக்கில் இறுக்கி மூடுவதில்லை. நம் ஆய்வுக்கு அது பயன்படாது.

குழாய் ஏன் இறுகுகிறது? சென்னை உறவினர்கள் உப்புக் கட்சி. "வினிகர் ஊத்தி ஊற வைங்க" என்று அங்கிருந்தே தீர்ப்பு வரும். போர்வெல் நீருக்கு அது சரி. இங்கே தண்ணீரில் கடினத்தன்மை குறைவு. வீட்டுப் பெரியவர்கள் எண்ணெய்க் கட்சி. தேங்காய் எண்ணெய் முதல் நாள் வழுக்கும், பிறகு பிசினாகும். நவீனர்கள் டபிள்யூடி-40 அடிப்பார்கள். 1953இல் நாற்பதாவது முயற்சியில் பலித்த கலவை என்பதால் அந்தப் பெயர். முப்பத்தொன்பது தோல்வியைப் பெயரிலேயே ஒத்துக்கொள்ளும் அடக்கம் ஆய்வாளர்களிடம் அரிது.

இக்கட்டுரையின் துணிபு வேறு: குழாயை இறுக்குவது துரு அல்ல, சிக்கனம். 1963இல் தொடங்கிப் பத்து மாதம் நீடித்த தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்த்த தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது. பள்ளியில் பங்கீட்டுப் பயிற்சி செய்த பேரப்பிள்ளையும் இருக்கிறாள். கன மீட்டருக்கு 3.24 டாலர் கட்டும் நான் நடுவில். பேத்தி மூடுவாள், அவளை நம்பாமல் நான் ஒரு திருகு, என்னை நம்பாமல் மாமனார் படுக்கப்போகும் முன் ஒரு திருகு. உள்ளே ரப்பர் வாசர் நசுங்கும். நசுங்கினால் சொட்டும். சொட்டினால் இன்னும் இறுக்குவோம். கடைசியில் ஸ்பிண்டில் மரையைக் கவ்விக்கொள்ளும். அன்றைக்கு மிச்சமாகும் தண்ணீர் நூறு விழுக்காடு.

செய்முறைக்கு வருவோம். வாசலுக்கு வெளியே மீட்டர் அருகிலுள்ள வால்வை முதலில் மூட வேண்டும். அதற்கும் முன், உள்ளே யாரும் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கவில்லை என்று உறுதிசெய்வது ஆய்வு அறம். கைப்பிடி மூடியை நெம்பி, ஸ்குரூவைக் கழற்றி, பித்தளையில் துணி சுற்றி ஸ்பேனர் போட வேண்டும். விசை மெதுவாக இருக்கட்டும். வேகம் காட்டினால் சுவருக்குள் இருக்கும் குழாயும் சேர்ந்து திரும்பும். கழற்றிய பாகத்தைக் கையோடு ஜாலான் புசார் கடைக்கு எடுத்துப் போங்கள். வாய் வர்ணனையைக் கடைக்காரர் ஏற்கமாட்டார், பிரேதம் வேண்டும். பழைய சாமான் கிளற சுங்கை ரோடு சந்தை இருந்தது; 2017 ஜூலை 10 அதற்குக் கடைசி நாள்.

மரை தேய்ந்துபோயிருந்ததால் பீங்கான் தட்டு வைத்த புதுக் குழாயே வாங்கினோம். கால் திருப்பில் மூடும்; அதற்கு மேல் திருப்ப வழியில்லை. மாமனார் ஒருமுறை மூடிப் பார்த்து, "மூடின மாதிரியே இல்லையே மாப்பிள்ளை" என்றார். இத்துறையில் கிடைத்த மிக முக்கியமான தரவு இதுதான். சொட்டு நின்றது அவருக்குப் போதவில்லை. கை வலிக்க வேண்டும்.

பழைய திருகு குழாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தண்ணீர் நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். பிறகும் சொட்டினால் வாசரை மாற்றுங்கள்.