கட்டுவிரியன் சொன்ன சாட்சி

கேள்வி: பாம்பின் டி.என்.ஏ.வில் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றனவாமே! இயற்கைக்கு வேறு வேலை இல்லையா?

பதில்: பாகவதர் பல்லவியைத் திருப்பிப் பாடினால் கைதட்டல், பாம்பு பாடினால் குற்றமா?

மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டுவிரியனில், ‘ஜி-ஏ-டி-ஏ’ என்ற நான்கெழுத்துப் பல்லவி பெண்ணுக்கே உரிய ‘டபிள்யூ’ குரோமோசோமில் குவிந்து கிடப்பதை மரபியலாளர் லால்ஜி சிங்கின் குழு 1980-இல் காட்டியது. ஜோடியான ‘இசட்’டை விட்டு ‘டபிள்யூ’ விலகிப் பரிணமித்ததில் இந்தக் குவியலுக்கும் பங்குண்டு என்பது அவர்கள் கட்சி. ‘குப்பை டி.என்.ஏ.’ என்று ஒதுக்கியவர்கள் கவனிக்க.

பாம்பிடம் கிடைத்த அந்த வரிசையைக் கொண்டே ஐதராபாத்தில் சிங் மனிதர்களுக்கு டி.என்.ஏ. ரேகை எடுத்தார். கேரளத்தின் தலச்சேரியில், குழந்தைக்குத் தந்தை யார் என்ற வழக்குக்கு அவருடைய சோதனைதான் விடை சொன்னது. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இது அப்பாவையே அறிந்த பாம்பு!