ஒத்த வாசல் நகர்

மாப்ளே, மதுரை ரிங் ரோட்டுக்கு அங்குட்டு மனை பார்த்திருக்கியாமே! ஆர்ச்சு இருக்கு, வாட்ச்மேன் இருக்கான், ஒரே வாசல், வேத்தாள் நுழைய முடியாதுன்னு அத்தைகிட்ட பீத்திக்கிட்டியாம். சந்தோசம். எலிகூட வளைக்கு ரெண்டு வாசல் வைக்குது. உனக்கு ஒண்ணே போதும்னா நீ பெரிய மனுசன்தான்.

நானும் ஒரு எட்டு போய்ப் பார்த்தேன். உன் மனைக்குப் பின்னால ஆளுயரத்துக்கு மேல சுவர். அதுக்கு அங்குட்டு டீக்கடை. வடை வாசம் சுவரேறி வருது. வடை வேணும்னா பைக்கை எடுத்து, ஆர்ச்சைத் தாண்டி, மெயின் ரோட்டுல யூ டர்ன் அடிச்சு, ரெண்டு கிலோமீட்டர் போகணும். வாசம் மட்டும் ஓசி.

அந்தப் பக்கமெல்லாம் முன்னாடி வயக்காடு. அவனவன் வாங்கின வயலுக்குள்ள அவனவன் ரோடு போட்டான், பக்கத்து லேஅவுட்டோட சேர்க்கல. வரப்பா இருந்தப்ப நடந்து போனோம்; சுவரானதும் சுத்திப் போறோம். கேட்டா வளர்ச்சிங்கிறான்.

மதுரைய அமைச்சவங்களுக்கு இந்த விவரம் பத்தல, பாவம். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதின்னு ஒண்ணைச் சுத்தி ஒண்ணு போட்டு, ஊடால சந்து சந்தா விட்டு எல்லாத்தையும் கோத்துட்டாங்க. அம்மாம்பெரிய தேரு நாலு மாசி வீதியும் சுத்தி நிலைக்கு வந்துருது. உன் தெருவுல குப்பை வண்டி திரும்ப இடமில்லாம ரிவர்ஸ்லயே வருது.

1840-கள்ல ஊரு பெருத்தப்ப கலெக்டர் பிளாக்பர்ன் என்ன செஞ்சார் தெரியுமா? கோட்டைச் சுவரை இடிச்சு அகழியைத் தூத்தினவனுக்கு அந்த நிலம்னுட்டார். வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதியெல்லாம் அப்படி வந்ததுதான். அன்னைக்குச் சுவரை இடிச்சவனுக்கு இடம் கெடைச்சுச்சு. இன்னைக்குச் சுவர் வச்சவன் அதுக்கும் சேத்து விலை கேக்குறான், நீயும் குடுக்குற.

அமெரிக்காக்காரனும் இப்படித்தான் முட்டுச்சந்தாப் போட்டுத் தள்ளினான். 1994 வாக்குல உச்சத்துக்குப் போயி, அப்புறம் புதுத் தெருக்களை இணைச்சுப் போட ஆரம்பிச்சுட்டான்னு 2015-ல வந்த ஆராய்ச்சி சொல்லுதாம். அவன் கழிச்சுப் போட்டது நமக்குப் புதுசு!

வீட்டை எப்ப வேணாலும் இடிச்சுக் கட்டலாம் மாப்ளே, தெரு போட்டா போட்டதுதான். நாயக்கர் காலத்து மாசி வீதி இன்னும் அங்கனயேதான் கெடக்கு. அதனால அட்வான்ஸ் நீட்டுறதுக்கு முன்னால புரோக்கர் காட்டுற கலர் நோட்டீசை மடிச்சு வச்சுட்டு, டிடிசிபி அப்ரூவல் வரைபடத்தைக் கேளு. உன் தெரு அடுத்த நிலத்துக்குள்ள போக வழி விட்டிருக்கா, சுவத்துல முட்டி நிக்குதான்னு பாரு. முட்டி நின்னா, விலையைப் பாதியாக் கேளு.