வண்டிக் கண்ணாடியில் முகம் பார்ப்பது எப்படி?

காட்டுமன்னார்கோயிலில் இருந்து லால்பேட்டை வழியாக வீராணம் ஏரிக்கரையில் தினமும் பைக் ஓட்டுகிறீர்களா? பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்கத்தான் கண்ணாடி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

1. கண்ணாடியை உள்பக்கமாகத் திருப்புங்கள். மூக்கு நட்டநடுவில் வர வேண்டும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது இதற்குத்தான். முகத்து வெளிச்சம் கண்ணாடியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். சாலைக்குக் காதோரம் கொஞ்சம் இடம் மிஞ்சும், போதும்.

2. முகம் சின்னதாகத் தெரிகிறதா? கம்பெனிக்காரன் பெரும்பாலும் குவி ஆடிதான் மாட்டியிருப்பான். எதை எங்கே வைத்தாலும் அது நிமிர்ந்த, சிறிய மாய பிம்பத்தைத்தான் காட்டும். அதைக் கழற்றிவிட்டுச் சவரக் கண்ணாடியை மாட்டுங்கள். அது குழி ஆடி. முகம் குவியத் தொலைவுக்குள் இருக்கும்வரை மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். தலையை நன்றாகப் பின்னால் இழுத்தால் பஸ்ஸும் தெரியும், தலைகீழாக: டயர் மேலே, கூரை கீழே. கவலை வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாமே அப்படித்தான் தெரியப்போகிறது.

3. கழற்றச் சோம்பலா? குவி ஆடி காட்டும் தூரத்தை அப்படியே நம்புங்கள். பஸ் எவ்வளவு தள்ளி வந்தாலும் அதன் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் குவியத் தொலைவுக்குள் சுருங்கி உட்கார்ந்துகொள்ளும். கோலிக்குண்டு அளவு பஸ் உங்களை என்ன செய்துவிடும்? இண்டிகேட்டர் போடாமல் வலப்பக்கம் ஒடியுங்கள்.

4. பஸ்ஸை முந்துவதென்றால் இடப்பக்கமாக, ஒட்டி உரசி முந்துங்கள். டிரைவர் முகம் அவர் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியாத இடம்தான் நல்ல இடம். போன வழியே திரும்பி வருவது ஒளியின் குணம். அவர் கண் உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரிய மாட்டீர்கள். ஸ்கூல் பிள்ளை பின்னால் உட்கார்ந்திருந்தால் இதை அவசியம் செய்துகாட்டுங்கள். செய்முறைப் பாடம்.

5. ராத்திரியில் டிம் அடிக்காதீர்கள். ஹெட்லைட்டுக்குள் இருப்பதும் ஒரு குழி ஆடிதான். பல்பு அதன் குவியத்தில் இருப்பதால் வெளிச்சம் சிதறாமல் எதிரே வருபவர் கண்ணுக்கே போய்ச் சேரும். கூசினால் அவர் ஏரிப்பக்கம் ஒதுங்கிக்கொள்வார். சோழர் காலத்து ஏரி, இடமா இல்லை?

6. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 கண்ணாடி கேட்கின்றன. போலீஸ்காரர் மடக்கினால், “பையில் இருக்கிறது சார்” என்று எடுத்துக் காட்டுங்கள். எடுத்த கையோடு சீப்பையும் எடுங்கள்.