கீறலுக்குச் சேதாரம் எவ்வளவு?

விலை உயர்ந்த கைக்கடிகாரத்தில் கீறல் விழுந்துவிட்டதா? பதறாதீர்கள். ஒரு கோப்பி ஓ சொல்லிவிட்டு உட்காருங்கள். ஆனால் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் குப்புறக் கவிழ்க்காதீர்கள். இரண்டாவது கீறல் அங்கேதான் காத்திருக்கிறது.

அடுத்ததாக, அது அசல்தானா என்று தனியாக இருக்கும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மெர்லிமாவ் பாசார் மாலாமில் எண்பது வெள்ளிக்கு வாங்கிவிட்டு, "மச்சான் சுவிஸ்லேருந்து அனுப்பினாரு" என்று சொல்லித் திரிகிறவர் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். ஐயா, உங்களுக்குக் கவலையே இல்லை. ஆசை தீரத் தேயுங்கள். பூச்சு போனால் அடுத்த வாரமும் சந்தை கூடும்.

அசல் என்றால், கீறல் கண்ணாடியிலா உடம்பிலா என்று பாருங்கள். பழைய டிட்டோனி, டைட்டஸ் வகைக் கடிகாரங்களில் கண்ணாடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் அக்ரிலிக். பற்பசையைத் துணியில் தொட்டு ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் கீறல் மங்கிவிடும். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, செய்து பார்க்கலாம். புதிய கடிகாரங்களில் பெரும்பாலும் இருப்பது செயற்கை நீலக்கல். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 9, வைரத்துக்கு 10. அதன்மேல் பற்பசை போட்டுத் தேய்த்தால் பற்பசைதான் தீரும்.

உடம்பில் என்றால்தான் சங்கதி நீளும். எஃகு கெட்டியானது என்று நினைத்து ஏமாறாதீர்கள். நம் செம்மண் தூசியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. அதற்கு மோஸில் 7, எஃகு அதற்கும் கீழே. தூசி படிந்த கடிகாரத்தைச் சட்டைக் கையில் துடைக்கிறவர் தன் கையாலேயே உப்புத்தாள் போடுகிறார்.

இனி ஒரு சோதனை. ஜாசினில் கல்யாணம் ஏதாவது வந்தால் அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பந்தியில் உட்காருங்கள். சாம்பார் வாளி வரும்போது கையை நீட்டி, வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லுங்கள். எதிர்வரிசையில் யாராவது கீறலைப் பார்த்தார்களா? பார்க்க மாட்டார்கள். "என்ன விலை, மாசத் தவணையா?" என்றுதான் கேட்பார்கள். கீறல் தெரிகிறது என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்குப் பங்காளியாகத்தான் இருப்பார்.

இந்த வழிகாட்டியை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் தகுதி பெரியப்பாவின் கடிகாரம்தான்.

பெரியப்பா ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. காலைப் பெரட்டில் செக்ரோல் புத்தகத்தை விரித்து, டார்ச் விளக்கை இடது மணிக்கட்டில் அடித்து நேரம் பார்ப்பார். அந்த முள் நகர்ந்த பிறகு வருகிறவருக்கு அன்றைக்குப் பேர் விழாது. அப்பா பால்வெட்டு. அண்ணன் தம்பி என்ற சலுகையெல்லாம் அந்த முள்ளுக்குக் கிடையாது. கடிகாரம் டியூடர். ரோலெக்ஸைத் தொடங்கிய ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் 1946இல் ஆரம்பித்த தம்பிக் கம்பெனி அது. பின்மூடியில் ‘ஒய்ஸ்டர் உறை, ரோலெக்ஸ், ஜெனிவா’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். லயத்தில் எல்லாரும் ‘கிராணியோட ரோலெக்ஸ்’ என்றே சொன்னார்கள். பெரியப்பா ஒரு நாளும் மறுக்கவில்லை. யாராவது சந்தேகப்பட்டால் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுவார், அவ்வளவுதான்.

வார் மாட்டும் இடத்தில் உடம்பிலிருந்து நான்கு கொம்புகள் நீண்டிருக்கும் அல்லவா, அதில் ஒன்றில் ஆழமான வெட்டு. பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியின் இரும்புப் பிடி இடித்தது. பேசிக்கொண்டிருக்கும்போது வலது கட்டைவிரல் நகத்தை அந்தப் பள்ளத்தில் வைத்து இழுத்துக்கொண்டே இருப்பார். கணக்கு உதைத்தால் இழுவை வேகமாகும்.

அவருக்கு எண்பது வயது ஆனபோது, சிங்கப்பூரில் வேலை செய்யும் அவருடைய மகன், எனக்கு அண்ணன், ஆசையாகக் கடிகாரத்தை எடுத்துப்போய் சர்வீஸுக்குக் கொடுத்தார். ஓட்டத்தைச் சரிசெய்யத்தான் கொடுத்தது. கடைக்காரர் கேட்காமலே பாலிஷும் போட்டு, அதற்குக் காசும் வாங்கவில்லை. இலவசமாக வருவதற்குத்தான் பயப்பட வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கடிகாரம் குளியலறையில் பாதி கரைந்த சோப்பு மாதிரி வந்து சேர்ந்தது. கொம்புகள் மெலிந்திருந்தன, விளிம்புகள் மழுங்கியிருந்தன, பளபளப்பு முகம் பார்க்கலாம் போலிருந்தது. பெரியப்பா கட்டிக்கொண்டார், "நல்லாருக்குப்பா" என்றார். கட்டைவிரல் நகம் மட்டும் கொம்பின்மேல் இப்படியும் அப்படியும் போய்வந்தது. பள்ளம் இல்லை.

பக்கத்தில் இருந்த அப்பா சொன்னார்: "மரமா இருந்தா ஏழெட்டு வருஷத்துல பட்டை திரும்பி வந்துரும் தம்பி. இதுக்கு எங்கேருந்து வரும்?"

பாலிஷ் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரிட்லி வகுத்த பால்வெட்டு முறையே இதுதான்: மரத்தைக் கொத்தாமல், பழைய வெட்டின் ஓரத்தை மெல்லிய சீவலாகச் சீவித் திறப்பது. அவரிடம் விதை வாங்கித்தான் டான் சாய் யான் 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் மரம் நட்டார். சீவியது போனால் பட்டை மறுபடி வளரும். கத்தி ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டால் காயம், முண்டு, மண்டோர் வாயில் நம் பரம்பரை முழுவதும். எஃகுக்கு வளர்கிற பட்டை கிடையாது. பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள எஃகைச் சீவி எடுக்கிறது. கடையில் பார்க்கக் கிடைத்தால், சுழலும் துணிச்சக்கரத்தில் அப்பியிருக்கும் கறுப்பு மெழுகை விரலில் தொட்டுப் பாருங்கள். அந்தக் கறுப்பில் உங்கள் கடிகாரமும் இருக்கிறது.

ஜாலான் பெண்டஹாராவில் தாலிக்கொடிக்குச் சேதாரம் எத்தனை சதவிகிதம் என்று அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிறோம். அதே நாம்தான் பதினெட்டுக் காரட் கடிகாரத்தைப் பாலிஷுக்கு நீட்டிவிட்டு, எதிர்க்கடையில் செண்டோல் குடிக்கப் போகிறோம். அங்கே போகிற சேதாரத்தை யார் நிறுத்துப் பார்த்தது? முலாம் பூசியது என்றால் இன்னும் மோசம். நான்கு தேய்ப்பில் பித்தளை பல்லிளிக்கும்.

வெளியுலகம் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். மார்லன் பிராண்டோ ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தில் கட்டியிருந்த ரோலெக்ஸுக்கு மேல்வளையமே இல்லை. பின்மூடியில் அவரே தன் பெயரைக் கோணல்மாணலாகக் கீறி வைத்திருந்தார். 2019 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் அது 1.95 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. இதைப் படித்துவிட்டு ஆணியைத் தேடாதீர்கள். உங்கள் பெயரைக் கீறினால் பிராண்டோ விலை வராது. நம் ஊரில் ஆ ஃபாமோசா கோட்டைக்கு 1807இல் ஆங்கிலேயர் வெடி வைத்துப் போட்டார்களே, அதைவிட முழுமையான பாலிஷ் உண்டா? மிஞ்சிய ஒரே வாசலின் காயங்களைப் படம் பிடிக்கத்தான் பஸ் பஸ்ஸாக ஆள் வருகிறது.

அடகுக்கடைக்குப் போகும் நாள் வந்தாலும் இதே கதைதான். சட்டப்படி மாதம் இரண்டு சதவிகித வட்டி, மீட்க ஆறு மாதம். தவுக்கே கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்ப்பது பளபளப்பை அல்ல, கொம்புகளின் கனத்தை.

"அப்படியானால் தொடவே கூடாதா?" தொடலாம். உலோக வாரிலும் கொக்கியிலும் கீறல் என்றால் ஒரு தடவை போடுங்கள், குற்றமில்லை, அவை மாற்றக் கிடைக்கும் பாகங்கள். உடம்பிலே கையைக் கிழிக்கிற பிசிறு இருந்தால் அதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். வரிவரியாக மங்கல் தேய்ப்பு இருக்க வேண்டிய இடத்தில் அதையே மறுபடி போடத் தெரிந்தவரா என்று கேளுங்கள். தெரியாதவர் எல்லாவற்றையும் கண்ணாடியாக்கிக் கொடுப்பார். வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையும், குத்துவிளக்குத் தேய்க்கும் பிராசோவையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள், சாவியை மனைவியிடம் கொடுங்கள். மனைவியின் கடிகாரம் என்றால் சாவி கணவரிடம்.

மற்ற கீறல்கள் இருக்கட்டும்.

பெரியப்பா போன பிறகு அந்த டியூடர் என்னிடம் வந்தது. ஒரு நாள் பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். உட்புறத்தில் ஊசியால் கீறிய பொடி எழுத்துகள், ஒன்றன்கீழ் ஒன்றாக: பழுது பார்த்தவர்கள் அவரவர் குறியும் தேதியும் போட்டிருக்கிறார்கள். கடைசி வரி புதியது. வெளியே இருந்ததையெல்லாம் வழித்தெடுத்த அதே புண்ணியவான்தான், உள்ளே தன் பங்குக்கு ஒன்று போட்டு மூடியிருக்கிறார்.

சர்வீஸுக்குக் கொடுக்கிறவர்கள் வாயால் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ரசீதில் ‘பாலிஷ் வேண்டாம்’ என்று எழுதி வாங்குங்கள். கடைக்காரருக்குத் தமிழ் வராது என்றால், மலாயில் ‘ஜங்கான் கிலாப்’.