ஆறடி கேட்ட மாமன்

என்ன மாப்ள, தியாகராய நகர்ல ரோட்டை அகலப்படுத்தப் போறியாம்ல? உங்க அத்தை சொன்னா. அதுக்கு எடம் எங்கருந்து எடுப்பன்னு நான் கேக்கவா வேணும்? நடைபாதையிலதான் எடுப்ப. எங்கூர்ல பக்கத்துக் காட்டுக்காரன் வருசாவருசம் வரப்பைச் செதுக்கிக்கிட்டே வருவானே, அதே கைவரிசை. ஆனா அவன் இருட்டுல செய்வான், நீ டெண்டர் விட்டுச் செய்யுற. படிச்ச புள்ளைல்ல.

உங்க இந்திய ரோடு காங்கிரஸ் விதியில, நடக்குறவனுக்குத் தடங்கல் இல்லாம 1.8 மீட்டராச்சும் விடணும்னு போட்டிருக்காமே. ஆறடி. செத்தவனுக்கு மறுபேச்சில்லாமக் குடுக்குற அளவுதான். உசுரோட இருக்கவன் போயிக் கேட்டாத்தான் டிரான்ஸ்பார்மர், கொடிக்கம்பம், ஜவுளிக்கடைப் பொம்மை எல்லாம் முந்தியே துண்டு போட்டு எடம் புடிச்சு வச்சிருக்கு.

நடைபாதை ஒசரமும் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாதாம். என் கைச்சாணுக்கும் கொறைச்சல். நேத்து ஒரு தெருவுல முழங்கால் ஒசரம் இருந்துச்சு. உங்க அத்தை 'ஏணி எங்க'ன்னு கேட்டுப்புட்டு ரோட்டுல எறங்கி நடந்துட்டா. ஏறியிருந்தா மட்டும் என்ன சொகம்? நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள ஒரு வீட்டு கேட்டு வரும். அங்க எறங்கணும், மறுபடி ஏறணும். நடைபாதையை ஒரே மட்டமாக் கொண்டுபோயி, காரை ஏறி எறங்கச் சொல்லேன். அதுக்குத்தான எஞ்சின் இருக்கு.

வண்டி நிறுத்த எடமில்லேன்னா யாவாரம் படுத்துரும்னு கடைக்காரவுக மனு குடுத்தாகளாக்கும்? அவுகளைத் தீவாளி நேரத்துல ரங்கநாதன் தெருவுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. அந்தக் கூட்டத்துல காரு நுழையுமா? யாவாரம் படுத்தா கெடக்கு? அங்க எடுத்த சேலைக்கு நான் இன்னும் கடன் அடைக்கிறேன். பாண்டி பஜார்ல 2019 நவம்பர்ல நடைபாதையை அகலமாக்கித் தொறந்தாக. உக்காரப் பெஞ்சியும் உண்டு. பொண்டாட்டி சேலை எடுக்குற வரைக்கும் காத்துக் கெடக்குற கெழவனுக்கு அதைவிட என்ன வேணும்? ஒண்ணு மட்டும் கேட்டுக்க: பைக்கு ஏறாம இருக்கக் கம்பம் நட்டா, சக்கர நாற்காலி போற அளவுக்குச் சந்து விட்டு நடு.

2023-ல மாம்பலம் ரயிலடியிலருந்து பஸ் ஸ்டாண்டுக்கு 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை போட்டாக. அதை நான் கொறை சொல்ல மாட்டேன். ரயிலடிப் பாலத்துல ஏற்கனவே மேல நிக்கிற ஆளு அப்படியே போயிரலாம், லிப்டும் இருக்கு. அதைக் காட்டி ரோட்டுக்கு ரோடு படிக்கட்டு கட்டிராத. மூட்டுவலிக்காரி மாடியேறணும், ஏசி காருல சாஞ்சிருக்கவன் சமதரையில போகணுமா? தரையிலயே கோடு போடு. ரோட்டு நடுவுல நின்னு மூச்சு வாங்க ஒரு மேடை வையி. பாதிப்பாதியாத் தாண்டிருவோம்.

2025 மே மாசம் உச்ச நீதிமன்றமே, நல்ல நடைபாதை ஜனங்களோட உரிமைன்னு சொல்லிருச்சாம், பேப்பர்ல படிச்சேன். இதைச் சாக்கு வச்சு மொதல்ல பூக்காரி கூடையத்தான் தூக்குவீங்க. கூடை லேசு, காரைத் தூக்கக் கிரேன் வேணும்ல! தெருவோர யாவாரிகளுக்கு 2014-லயே சட்டம் இருக்கு மாப்ள. நடக்குற ஆறடி போக, ஓரமா அவுகளுக்கு ஒரு வரிசை ஒதுக்கு. ராத்திரியில அந்தக் கடை வெளிச்சத்துலதான் பொம்பளப் புள்ளைக தைரியமா நடக்குதுக.

சரி, அந்த ரோட்டுப் படத்தைச் சுருட்டு. வண்டிய எண்ண மூலைக்கு மூலை ஆளு வச்சியே, காலை எண்ண ஒருத்தனை வச்சியா? கெளம்பு, பனகல் பூங்கா வரைக்கும் போயி நாமளே எண்ணிட்டு வருவோம். காரு சாவியத் தேடாத, அது என் மடியில இருக்கு. உங்க அத்தையும் வர்றா. மெல்லத்தான் நடப்பா, அந்தப் பையை நீ வாங்கிக்க.